வயதும் ஞாபகமும் படிப்பும்: சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் ஆறு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லித் தருகிறேன். வீடியோ கால் பேசுவது, கரண்ட் பில் கட்டுவது, பென்ஷன்காரர்கள் வருடா வருடம் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டைப் போனிலேயே முகம் காட்டிப் பதிவு செய்வது, இவைதான் பாடம். ஆனால் போனைப் பற்றிய சந்தேகத்தைவிடத் தங்கள் தலையைப் பற்றிய சந்தேகம்தான் அவர்களுக்கு அதிகம். கூட்டி வரும் பிள்ளைகளும் வாசலில் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. இந்தக் கேள்விகளுக்காகவே தேடிப் படித்ததையும், மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வயசானா ஞாபக சக்தி குறைஞ்சுதான் ஆகணுமா?

ஞாபகம் என்பது ஒரே சரக்கு இல்லை. கோலம் போடுவது, தைப்பது, சைக்கிள் மிதிப்பது எல்லாம் கைக்குப் பழகிய ஞாபகம். அது வயதால் அதிகம் தேய்வதில்லை. சொற்கள், அவற்றின் பொருள், தொழிலில் சேர்த்த அறிவு ஆகியவை அறுபது வயது வரைக்கும், பலருக்கு அதற்கு அப்புறமும், கூடிக்கொண்டே போகின்றன. வகுப்பில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் என்னைவிட முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்தான்.

குறைவது இரண்டு. போன செவ்வாய்க்கிழமை யார், எங்கே, என்ன சொன்னார் என்கிற மாதிரி நிகழ்ச்சி ஞாபகம் ஒன்று. சில விஷயங்களை ஒரே சமயத்தில் மனதில் பிடித்துக்கொண்டு வேலை செய்வது இன்னொன்று. மெசேஜில் வந்த ஆறு இலக்க ஓடிபியைப் பார்த்து, அந்தத் திரையை விட்டு வேறு திரைக்குப் போய், அங்கே அதை அடிக்கிறோமே, அதில் இது அப்படியே தெரியும். நாலாவது எண்ணில் நின்றுவிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வேகம். மூளை ஒரு செய்தியை வாங்கிப் பதில் தரும் வேகம் வயதோடு இறங்குவது எல்லோருக்கும் பொது. அதே வேலையைக் கொஞ்சம் நேரம் கொடுத்துச் செய்யச் சொன்னால் பாதிப் பிரச்சினை போய்விடுகிறது.

எனக்கு அம்பத்தஞ்சு ஆகுது. இறங்குமுகம் எந்த வயசுல ஆரம்பிக்குது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பல வயதுக்காரர்களைச் சோதித்துவிட்டு, ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். இது பல பத்தாண்டுகள் நடந்தது. இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் உட்காரவைத்து ஒப்பிட்டால் பெரியவர் ரொம்பப் பின்தங்கியவராகத் தெரிவார். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி, அவர் காலத்தில் கிடைத்த படிப்பு குறைவு என்பதால் வருவது. ஒரே மனிதரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தபோது படம் மாறிவிட்டது. வேகம் மட்டும் இளமையிலேயே மெதுவாக இறங்க ஆரம்பிக்கிறது. மற்றத் திறன்கள் பெரும்பாலும் அறுபது வரை தாக்குப்பிடித்தன. சொல்வளம் அதற்கும் மேலே நின்றது.

அந்த ஆய்வில் என்னைத் தொட்டது இன்னொன்று. வயது ஏற ஏற ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாகிறது. எழுபத்தைந்து வயதில் ஒருவர் ஐம்பது வயதுக்காரர் போல இருப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படி இருக்க மாட்டார். அதனால் வயதைக் கேட்டு ஒருவருடைய தலையைக் கணிக்காதீர்கள்.

நாப்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் அப்படியே இருக்கு. காலைல என்ன சாப்பிட்டேன்னு கேட்டா யோசிக்கணும். ஏன் இப்படி?

கல்யாணத்தில் பந்தியில் யார் சண்டை போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் அதை இந்த நாற்பது வருடத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டீர்கள். சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் அழுத்தமாகப் பதிகிறது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மாறவும் செய்கிறது. மேலும் பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் பெரியவர்கள் மனதில் அதிகம் தேங்கியிருக்கின்றன என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. முதல் வேலை, முதல் ஊர் மாற்றம், முதல் குழந்தை எல்லாம் அந்த வயதில்தானே. காலையில் சாப்பிட்ட இட்லி ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. “பழசெல்லாம் பளிச்சுன்னு சொல்றாரே, அவருக்கு ஒண்ணும் இல்ல” என்று குடும்பங்கள் நிம்மதியாக இருந்துவிடுகின்றன. மறதி நோயிலும் புது ஞாபகம்தான் முதலில் போகிறது, பழையது வெகுநாள் நிற்கிறது. பழையது ஞாபகம் இருப்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஆளைத் தெரியுது, அவர் பையன் எங்க வேலை பாக்கறான்னுகூடத் தெரியுது. பேரு மட்டும் தொண்டையிலேயே நிக்குதே?

வயதானவர்கள் சொல்லும் குறைகளில் இதுதான் முதலிடம். இதற்காக மட்டும் யாரும் பயப்பட வேண்டாம். “தச்சர்” என்றால் உளி, மரம், இழைப்புளி என்று பத்து விஷயம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். “சுப்பிரமணி” என்ற பெயர் அந்த ஆளோடு எதனாலும் ஒட்டவில்லை. ஒரே ஒரு நூலில் தொங்குகிறது. அந்த நூலைப் பிடித்து ஒலியை எடுக்கும் வேலை வயதோடு கொஞ்சம் தளர்கிறது. பெயர் அழிந்துபோகவில்லை என்பதற்கு அத்தாட்சி, பஸ் ஏறி உட்கார்ந்ததும் அது தானாக வந்துவிடுவதுதான். புதிதாகச் சந்திப்பவரின் பெயரைப் பேச்சிலேயே இரண்டு மூன்று தடவை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அது உதவும்.

சமையல்கட்டுக்குப் போனதும் எதுக்கு வந்தேன்னு மறந்துடுது. கேஸை அணைச்சேனான்னு ரெண்டு தடவ போய்ப் பாக்கறேன்.

இதில் முக்கால்வாசி கவனத்தின் பிரச்சினை. கேஸை அணைக்கும்போது மனம் மகனுடைய போன் காலில் இருந்தது. அணைத்தது பதியவே இல்லை. பதியாத ஒன்றை எப்படி நினைவுகூர்வது? நம் மொழி இதை முன்பே புரிந்துவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஒரே சமயத்தில் நூறு விஷயங்களை நினைவில் வைத்துப் பதில் சொல்லும் கலையைச் சதாவதானம் என்றோம், தமிழில் நூறு கவனகம் என்றோம். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அதில் பெயர்பெற்றவர். கலைக்கு வைத்த பெயரிலேயே கவனம்தான் இருக்கிறது.

வயதாக ஆக வேண்டாத சத்தத்தையும் நினைப்பையும் ஒதுக்கித் தள்ளும் திறன் குறைகிறது. அதனால் டிவி ஓடும்போது பேசியது நிற்பதில்லை. கேஸை அணைக்கும்போது “அணைச்சுட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பலர் இதைச் செய்கிறார்கள், இரண்டாம் தடவை போய்ப் பார்ப்பது குறைந்திருக்கிறது என்கிறார்கள்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா”ன்னு சும்மாவா சொன்னாங்க?

அந்தப் பழமொழி பழக்கவழக்கத்துக்குச் சொன்னது. அதைப் படிப்புக்கும் மாட்டிவிட்டது நாம்தான்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். கோயில்களைக் கூட்டிப் பெருக்கியும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர். 2018-ல், 96 வயதில், அக்ஷரலக்ஷம் என்ற எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020-ல் நாரி சக்தி விருதும் வாங்கினார். 2023-ல், 101 வயதில் காலமானார். வகுப்பில் யாராவது “எனக்கு எழுபது ஆச்சு” என்று ஆரம்பித்தால் இவர் கதையைத்தான் சொல்வேன்.

சரி, அது ஒரு அபூர்வமான ஆள் என்று சொல்லலாம். லண்டன் டாக்சி ஓட்டுநர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் வாங்க வேண்டுமென்றால் நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்கு மூன்று நாலு வருடம் ஆகும். எலினோர் மக்வயர் என்ற விஞ்ஞானி, அப்படிப் படித்துத் தேறியவர்களின் மூளையைப் படிப்புக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. அவர்கள் கிழவர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளிப் பருவத்தோடு மூளை இறுகிப்போகிறது என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதும்.

பேத்தி ஒரு தடவ காட்டினா, நல்லாப் புரிஞ்சுது. மறுநாள் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எப்படித்தான் கத்துக்கறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத நினைத்தேன். பேத்தி விரல் ஓடுகிறது, நீங்கள் பார்க்கிறீர்கள், எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது, புரிந்துவிட்டது போல இருக்கிறது. பார்ப்பது சுலபமாக இருந்ததைப் படித்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. இது இருபது வயதுக்காரருக்கும் நடக்கும் ஏமாற்றம்தான். அவருக்கு இரண்டு தடவை பார்த்தால் ஒட்டிக்கொள்கிறது, உங்களுக்கு ஆறு தடவை வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மாற்றம், போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். பேத்தி வாயால் மட்டும் சொல்லட்டும். இரண்டாவது, செய்து முடித்ததும் போனை அணைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று பார்க்காமல் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். பெரியவர்களுக்கும் இது பலிக்கிறது. தட்டுத்தடுமாறி எடுப்பதுதான் பயிற்சி. தடுமாறுகிறோமே என்று வருத்தப்படாதீர்கள்.

மூன்றாவது இடைவெளி. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படிப்பது நல்லது என்பதும் அவர் கண்டதுதான். எங்கள் வகுப்பின் கணக்கு இதுதான்: சனிக்கிழமை காலை கற்றதை அன்று சாயங்காலம் ஒரு தடவை, திங்கள் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை, அடுத்த சனிக்கிழமை என் முன்னால் ஒரு தடவை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலைதான். பணம் அனுப்புவதையும் கேஸ் புக் பண்ணுவதையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நோட்டுல எழுதி வச்சுக்கிட்டா மூளை சோம்பேறி ஆயிடாதா?

ஆகாது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், மாத்திரை வேளை, பால் கணக்கு இவற்றையெல்லாம் எழுதிவைப்பது நல்லது. தலையில் இடம் மிச்சமாகும். கற்றுக்கொள்ள நினைக்கும் விஷயத்துக்கு மட்டும் ஒரு சின்ன விதி: முதலில் பார்க்காமல் செய்யுங்கள், மாட்டிக்கொண்டால் நோட்டைத் திறங்கள். எழுதும்போது உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ஒரு பாட்டி “பச்சைப் பொட்டைத் தொடு” என்று எழுதிவைத்திருந்தார். எனக்கும் அதுதான் தெளிவாக இருந்தது.

காலைல கத்துக்கறது நல்லதா, ராத்திரி நல்லதா?

பெரும்பாலான பெரியவர்களுக்குக் காலை. முதியவர்களின் ஞாபகச் சோதனை முடிவுகள் காலையில் நன்றாகவும் சாயங்காலத்தில் மந்தமாகவும் இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு இது தலைகீழ். வகுப்பைப் பத்து மணிக்கு வைத்திருப்பது அதனால்தான். அப்புறம் தூக்கம். பகலில் கற்றது ஆழ்ந்த தூக்கத்தில்தான் உறைகிறது, வயதானால் அந்த ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் ஞாபகத்தைக் கெடுக்கும்.

வீட்ல எரிஞ்சு விழறாங்க. அந்தப் பயத்துல தெரிஞ்சதும் மறந்துபோகுது.

இதைச் சொல்லும்போது கண் கலங்கிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மை. ஒரே சோதனையை, “இது வயதானவர்களின் ஞாபகத்தை அளக்கிற சோதனை” என்று சொல்லிக் கொடுத்தால் பெரியவர்கள் குறைவாகச் செய்கிறார்கள். அந்தப் பேச்சே எடுக்காமல் கொடுத்தால் நன்றாகச் செய்கிறார்கள். இதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். “தப்பு பண்ணிடுவேனோ” என்ற எண்ணமே மனதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீதி இடத்தில்தான் ஓடிபியைப் பிடிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு: போனைப் பிடுங்காதீர்கள். “எத்தனை தடவம்மா சொல்றது” என்ற வாக்கியத்தை வீட்டில் சொல்லவே சொல்லாதீர்கள். எத்தனை தடவை என்பதற்குப் பதில் மேலேயே இருக்கிறது, ஆறு தடவை. ஏழாவது தடவையும் கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.

மகன் ஜெர்மனில இருக்கான். அறுபத்தெட்டு வயசுல ஜெர்மன் கத்துக்க முடியுமா?

முடியும், எதில் முடியும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். உச்சரிப்பு உள்ளூர்க்காரர் போல வராது. சின்ன வயதில் கேட்காத ஒலிகளைக் காது பிரித்தறியத் திணறும். இலக்கணம் தன்னால் படிகிற காலம் பதினேழு பதினெட்டு வயதோடு முடிந்துவிடுகிறது என்று பல லட்சம் பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2018-ல் சொன்னது. அதற்குப் பிறகு விதியைப் படித்து, பயிற்சி செய்து கற்க வேண்டும். சொற்களைச் சேர்ப்பது எந்த வயதிலும் நடக்கும். கடையில் காய் வாங்க, மருமகளிடம் நாலு வார்த்தை பேச, பேரனுக்குக் கதை சொல்ல ஒரு வருட உழைப்பு போதும்.

பல மொழி பேசுவது மறதி நோயைத் தள்ளிப்போடுமா என்றும் கேட்கிறார்கள். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் உள்ள 648 பேரைப் பார்த்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது, அதனால் இது வெறும் படிப்பின் பலன் இல்லை. ஆனால் ஆரோக்கியமானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த வேறு ஆய்வுகள் சிலவற்றில் இது தெரியவில்லை. அதோடு ஐதராபாத்தில் பார்த்தது வாழ்நாள் முழுக்கப் பல மொழி புழங்கியவர்களை. அறுபத்தெட்டில் தொடங்குபவருக்கும் அதே நாலரை வருடம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மருமகளோடு பேசக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவே பெரிய காரணம்.

தினம் சுடோகு போடறேன். மூளைப் பயிற்சி ஆப்புக்குப் பணம் கட்டலாமா?

சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரைப் பிரித்து, சிலருக்கு ஞாபகப் பயிற்சி, சிலருக்குப் பகுத்தறியும் பயிற்சி, சிலருக்கு வேகப் பயிற்சி கொடுத்தார்கள். 2002-ல் முதல் முடிவு வந்தது. எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள், மற்றதில் தேறவில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பகுத்தறிவிலும் வேகத்திலும் பலன் மிச்சமிருந்தது. ஞாபகப் பயிற்சியின் பலன் மறைந்திருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது டெனிஸ் பார்க் குழுவினர் 2014-ல் வெளியிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று மாதம், வாரம் சுமார் பதினைந்து மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக் கலையும் ஒட்டுத்துணித் தையலும் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு கூட்டம் அதே நேரத்தைச் சேர்ந்து பேசியும் ஊர் சுற்றியும் கழித்தது. புதிதாகக் கற்றவர்களுக்கு, அதிலும் புகைப்படம் கற்றவர்களுக்கு, நிகழ்ச்சி ஞாபகம் தேறியது. ஆப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு மிருதங்க வாத்தியாரிடமோ தையல் வகுப்பிலோ சேருங்கள். கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும்.

வல்லாரை சாப்பிட்டா ஞாபகம் வருமாமே? மெடிக்கல்ல மாத்திரையும் விக்கறாங்க.

வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், கீரை உடம்புக்கு நல்லது. ஆனால் வயதானவர்களின் மறதியைத் திருப்பும் என்று உறுதியாகச் சொல்லப் பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ஜின்கோ என்ற மூலிகைக்குப் பெரிய ஆய்வு நடந்தது. 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை ஆறு வருடம்போலக் கவனித்தார்கள். மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-ல் வெளியிட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்து மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். ஞாபகத்துக்கென்று சாப்பிட வேண்டிய ஒரே சத்து மாத்திரை, உங்களுக்குக் குறைவு இருந்தால், பி12 வைட்டமின். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடந்தா கால் வலி போகும், சரி. மூளைக்கு என்ன லாபம்?

ஓர் ஆய்வில் 55-லிருந்து 80 வயதுக்குள் இருக்கும் 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தது, மறுபாதி உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011-ல் வந்த முடிவு இது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இதே அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனால் நடை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்குகிறது, அவை இரண்டும் மூளையின் ரத்தக்குழாயைக் கெடுப்பவை. அதற்காகவே நடக்கலாம்.

அப்பாவுக்குக் காது மந்தம். மெஷின் வேண்டாங்கறார். அதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கவனத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அதுதான் முதல் சம்பந்தம். பாதி கேட்டு, மீதியை ஊகிப்பதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிடுகிறது. பதிய வைக்க மிச்சம் இல்லை. வீட்டில் அதை மறதி என்கிறோம். அவர் கேட்கவே இல்லை. இரண்டாவது, காது கேட்காதவர் மெல்லப் பேச்சை விட்டு ஒதுங்குகிறார், திண்ணைக்கு வருவதில்லை, விசேஷத்துக்குப் போவதில்லை.

உலகில் மறதி நோய் வருவதில் ஏறத்தாழ 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் கணக்கிட்டது. அதில் காது கேளாமையும் உண்டு, சரிசெய்யாத பார்வைக் குறைவும் உண்டு. காது மெஷின் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. இதயக் கோளாறு, சர்க்கரை போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும், மூன்று வருடத்தில் சரிவு பாதியாகக் குறைந்திருந்தது. அப்பாவிடம் மூளையைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பேரன் பேசுவது கேட்கும் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு அதோடு முடிந்துவிடுகிறது.

அம்மா சொன்னதையே சொல்றாங்க, கேட்டதையே கேக்கறாங்க. வயசுன்னு விடறதா, நோயா?

வாசலில் தனியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, வைத்ததே தெரியாமல் வேலைக்காரப் பெண்தான் எடுத்தாள் என்று சொல்வது வேறு. மேலே பெயரைப் பற்றிச் சொன்னதுபோல, பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தால் சரி. நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகும் “அப்படி நடக்கவே இல்லை” என்றால் யோசிக்க வேண்டும். முப்பது வருடம் நடந்த தெருவில் வழி தவறுவது, தினம் வைத்த ரசத்தில் எதை முதலில் போடுவது என்று நின்றுவிடுவது, சில்லறைக் கணக்கு திடீரென்று பிடிபடாமல் போவது, எப்போதும் கலகலவென்று இருந்தவர் ஒடுங்கிப்போவது, இவையெல்லாம் டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். அன்றாட வேலை கெடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. நூறில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் அது இல்லை என்றும் அதைப் படிக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். “வயசானா அப்படித்தான்” என்ற ஒரு வாக்கியத்தால், கற்கக்கூடியவர்களைக் கற்க விடாமல் செய்கிறோம், வைத்தியம் பார்க்க வேண்டியவர்களை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகாமலும் விடுகிறோம். இந்த ஆறு வருடத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இது.

மாமா முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசறார்.

காத்திருக்காதீர்கள், இன்றைக்கே கூட்டிப்போங்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, தண்ணீர்ச் சத்து குறைவு, புது மாத்திரை. சில வாரத்துக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், உள்ளே மெல்ல ரத்தம் கசிந்திருக்கலாம். வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டெஸ்ட் எடுத்துத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்? மருந்துதான் இல்லையே?

மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமரைக் குணப்படுத்த மருந்து இல்லை என்பது சரி. ஆனால் வந்திருப்பது அல்சைமர்தான் என்று யார் சொன்னது? தைராய்டு குறைந்தால் மறதி வரும். மனச்சோர்வு பெரியவர்களிடம் சில சமயம் அழுகையாக வராமல் மறதியாக வரும். பி12 குறைந்தாலும் வரும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்பார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்கள், தினமும் அல்சர் மாத்திரை போடுபவர்கள் எல்லோருமே அதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். குறைவு இருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் முழுப் பலன்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் ஆகியவை வயதானவர்களின் ஞாபகத்தை மழுங்கடிக்கும். நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்த்து மாற்றட்டும். என் அம்மாவுக்கே அப்படி நடந்தது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிய மாத்திரைகளை ஒருவர் சேர்த்துப் பார்த்துக் குறைத்த பிறகு, மூன்று வாரத்தில் பழையபடி தாயக்கட்டையில் என்னைத் தோற்கடித்தாள்.

எங்க பாட்டி பள்ளிக்கூடமே போகாதவங்க. நூத்துலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லி, “மார்க் கம்மி”ன்னு சொல்லிட்டாங்க.

அந்த மார்க்கை மட்டும் வைத்துப் பாட்டிக்கு நோய் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்விகள் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக உருவானவை. இது தெரிந்துதான் ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து மக்களிடையே ஆய்வு நடத்தியபோது, எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும்படி கேள்விகளை மாற்றி இந்தியில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அதனால், பாட்டி பள்ளிக்குப் போகவில்லை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, அவர் முன்பு என்னென்ன செய்தார், இப்போது எதை விட்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டு போங்கள். சீட்டுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் எப்போது அதை விட்டார் என்ற ஒரு வரி, மார்க்கைவிட அதிகம் சொல்லும்.

மறதி நோய்னு உறுதியாயிடுச்சு. இனிமே அப்பாவுக்குப் புதுசா எதுவுமே கத்துக்கொடுக்க முடியாதா?

ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்து, இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் எந்தப் புது நிகழ்ச்சியும் அவர் மனதில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற விஞ்ஞானி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். முந்தின நாள் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கை தேறிக்கொண்டே வந்தது. முதல் கேள்வியில் சொன்ன கைப்பழக்க ஞாபகம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது.

அப்பாவுக்கும் அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும், ஆரம்ப, நடு நிலைகளில். தப்பு செய்ய விட்டுத் திருத்துவது இங்கே உதவாது, தப்பே படிந்துவிடும். சரியானதை மட்டும், ஒரே மாதிரி, ஒரே இடத்தில் செய்ய வையுங்கள். இடைவெளிப் பயிற்சியை ரொம்பச் சின்னதாக்குங்கள். “சாவி எங்கேப்பா இருக்கு?” என்று கேளுங்கள். “பூஜை ரூம் ஆணியில” என்று சொல்லிக்கொடுத்து, உடனே அவரையும் சொல்ல வையுங்கள், கையால் தொட வையுங்கள். அரை நிமிடம் கழித்து அதே கேள்வி. அப்புறம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம் என்று கூட்டுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் விடையை நீங்களே சொல்லிவிட்டு, முந்தின இடைவெளிக்குத் திரும்புங்கள். எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்கு அவர் மகள் இப்படிப் பதினாறு நாள் செய்தாள். மகள் பெயர் சில நாள் அவருக்கு வருவதில்லை. சாவியைக் கேட்டால் எழுந்து நேராக ஆணிக்குப் போகிறார்.